கொள்ளைநோயும் நாற்பது நாளும்

1347ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தை ஜெனோவா வணிகர்களின் கப்பல்கள் வந்தடைந்தன. பன்னிரண்டு கப்பல்கள் என்று அத்தீவைச் சேர்ந்த துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கருங்கடல் பக்கத்திலிருந்து அவை வந்திருந்தன. கப்பலில் இருந்தவர்களுள் பலர் காய்ச்சலில் கிடந்தனர். சிலருக்குத் தொடையிடுக்கிலும் சிலருக்கு அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. அந்த நெறிக்கட்டி முட்டை அளவுக்குப் பெருக்கும்; தொட்டால் உயிர்போகும் வலி. உடலில் கரும்புள்ளிகள் படரும். நெறி கட்டியவர்களுள் பெரும்பாலோர் ஒரு வாரத்திற்குள் இறந்தனர்.

மெசினா மக்கள் சில நாள்களிலேயே ஆபத்தை உணர்ந்து கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து விரட்டினர். அதற்குள் நோய் ஊருக்குள் இறங்கிவிட்டது. நோயோடு வந்த கப்பல்கள் துறைமுகம் துறைமுகமாக அலைந்தன. அடுத்த ஆண்டின் முற்பகுதிக்குள் வெனிஸ், பீசா, மார்செய் நகரங்களும், 1348இன் இறுதிக்குள் பாரிசும் லண்டனும் நோயின் பிடியில் சிக்கின. 1351 வாக்கில் முதல் அலை ஓய்ந்தபோது ஐரோப்பிய மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரை மாண்டிருந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். எகிப்து, சிரியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளும் தப்பவில்லை. புகழ்பெற்ற வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தம் பெற்றோர் இருவரையும் தூனிசு நகரில் இந்நோய்க்குத்தான் பறிகொடுத்தார். அக்கால மக்கள் இதனைப் ‘பெருஞ்சாவு’ என்றனர். ‘கருஞ்சாவு’ என்ற பெயர் பிற்காலத்தில் ஏற்பட்டது.

இத்தாலியின் சியன்னா நகரில் இன்றும் ஒரு பெரிய சுவர் தனியே நிற்கிறது. அவ்வூரார் தங்கள் தேவாலயத்தை மிகப் பெரிதாக விரிவாக்க எண்ணி 1339இல் வேலையைத் தொடங்கினர். ஒன்பது ஆண்டுகள் கழித்து நோய் வந்தது. கட்டுவோரும் இல்லை, பணம் கொடுப்போரும் இல்லை. வேலை நின்றது, பின்னர் முடிக்கப்படவே இல்லை. அதே ஊரைச் சேர்ந்த அக்னோலோ என்பவர் தம் ஐந்து பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்ததாகக் குறித்து வைத்துள்ளார். பிணத்தை எடுத்துச் செல்லக் கூலி கொடுத்தாலும் ஆள் வராத நாள்கள் அவை.

அந்நாளில் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. பாரிசு, பொலோஞா, மொன்பெலியே ஆகிய இடங்களில் மருத்துவம் கற்பித்த பல்கலைக்கழகங்கள் இருந்தன. மாணவர்கள் கிரேக்கரான காலனின் நூல்களையும் பாரசீகத்து அறிஞர் இப்னு சீனாவின் பெருநூலையும் ஆண்டுக்கணக்கில் பயின்றனர். எனவே நோய் பரவியபோது மக்கள் அவர்களிடம் விளக்கம் கேட்டனர். பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப்பு பாரிசு பல்கலைக்கழக மருத்துவர்களிடமே கேட்டார். 1348 அக்டோபரில் அவர்கள் தங்கள் அறிக்கையை அளித்தனர்.

அவ்வறிக்கை கூறிய காரணம் இது: 1345ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பிற்பகலில் சனி, வியாழன், செவ்வாய் ஆகிய மூன்று கோள்களும் கும்ப ராசியில் ஒன்றுசேர்ந்தன. வெப்பமும் ஈரமும் உடைய வியாழன் பூமியிலிருந்து தீய ஆவிகளை மேலே இழுத்தது. வெப்பமும் வறட்சியும் உடைய செவ்வாய் அவற்றைப் பற்றவைத்தது. இவ்வாறு காற்று கெட்டது. கெட்ட காற்றைச் சுவாசித்தவர்களின் உடலும் கெட்டது. இன்று படிப்பவருக்கு இது சோதிடமாகத் தோன்றும். ஆனால், அன்றைய மிகச் சிறந்த கல்வியின் விளைவே இந்த விளக்கம். கிடைத்த கருத்துகளை வைத்துக்கொண்டு அவர்கள் முறையாகத்தான் சிந்தித்தனர். அடிப்படைதான் தவறாக இருந்தது.

அந்த அடிப்படையைச் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும். இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்கள் மனித உடலில் உள்ளன; அவை சமநிலையில் இருந்தால் நலம், சமநிலை குலைந்தால் நோய் என்பது கிரேக்கர் வகுத்த கொள்கை. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் சமநிலை பேசப்படுவதை அறிந்தவர்களுக்கு இக்கருத்து புதிதாக இராது. இக்கொள்கையின்படி கெட்ட காற்று இதயத்தைச் சென்றடைந்து இரத்தத்தை நஞ்சாக்குகிறது. உடல் அந்த நஞ்சை வெளியே தள்ள முயல்கிறது. இதயம் தள்ளும் நஞ்சு அக்குளிலும், மூளை தள்ளுவது கழுத்திலும், கல்லீரல் தள்ளுவது தொடையிடுக்கிலும் கட்டியாகத் திரள்கிறது.

ஆகவே, மருத்துவர் முதலில் செய்தது இரத்தம் வடிப்பது. கட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய நரம்பைக் கூரிய கத்தியால் கீறிக் கிண்ணத்தில் இரத்தத்தைப் பிடித்தனர். எந்தக் கட்டிக்கு எந்த நரம்பு என்பதைக் காட்டும் மனித உருவப் படங்கள் மருத்துவச் சுவடிகளில் வரையப்பட்டிருந்தன. ஏற்கெனவே காய்ச்சலால் துவண்டு கிடந்த நோயாளிக்கு இதனால் பலவீனமே மிஞ்சியது.

மருந்துகளுள் தலைசிறந்ததாகக் கருதப்பட்டது தேரியாக்கு. பழங்காலத்தில் பாம்புக்கடிக்கும் நஞ்சுக்கும் முறிவாகத் தோன்றிய மருந்து இது. அறுபதுக்கும் மேற்பட்ட சரக்குகள் அதில் சேர்ந்தன. விரியன் பாம்பின் இறைச்சியும் அபினும் அவற்றுள் அடங்கும். இலவங்கப்பட்டை, மிளகு, இஞ்சி போன்ற கீழைநாட்டுச் சரக்குகளும் உண்டு. செய்தவுடன் உண்ணக்கூடாது, பல ஆண்டுகள் ஊறிய தேரியாக்குக்கே மதிப்பு அதிகம். வெனிஸ் நகரத்துத் தேரியாக்கு ஐரோப்பா எங்கும் பெயர்பெற்றிருந்தது. அதிலிருந்த அபின் வலியைக் குறைத்திருக்கலாம். வாங்கப் பணம் உள்ளவர்களுக்குத்தான் அந்த ஆறுதலும்.

காற்றுதான் பகை என்பதால் காற்றைத் திருத்தவும் முயன்றனர். வீடுகளில் நறுமணக் கட்டைகளையும் மூலிகைகளையும் எரித்தனர். கிராம்பும் சாதிக்காயும் கற்பூரமும் கலந்த வாசனை உருண்டைகளைக் கையில் ஏந்தி முகர்ந்துகொண்டே தெருவில் நடந்தனர். அந்தக் கிராம்பு விளைந்த இடம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். பல கைகள் மாறி, பல கடல்கள் கடந்து அது ஐரோப்பாவை அடைந்தது. நோயும் வணிகப் பாதையிலேயே வந்தது. வெந்நீரில் குளித்தால் தோலின் நுண்துளைகள் திறந்து கெட்ட காற்று உள்ளே புகும் என்று எச்சரித்த மருத்துவர்களும் உண்டு. உடம்பில் தெள்ளுப்பூச்சி மொய்த்த காலத்தில் இதைவிடத் தீங்கான அறிவுரை இருக்க முடியாது.

பறவை அலகு போன்ற நீண்ட முகமூடி அணிந்த மருத்துவரின் உருவத்தைப் படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் பலர் கண்டிருப்பர். அந்த முகமூடி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1348இல் யாரும் அதை அணியவில்லை.

அந்நாளில் பணி செய்த மருத்துவர்களுள் கீ டி சோலியாக்கு என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறலாம். அவர் பிரான்சின் தெற்கில் உள்ள அவினியோன் நகரில் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்டின் மருத்துவராக இருந்தார். அப்போது போப்பாண்டவரின் இருக்கை அங்குதான் இருந்தது. நோய் வந்ததும் மருத்துவர் பலர் ஊரை விட்டு ஓடினர். சோலியாக்கு ஓடவில்லை. தமக்கும் அச்சம் இருந்ததை அவர் மறைக்கவில்லை. ஓடினால் இழிபெயர் வரும் என்பதால்தான் தங்கியதாகவே எழுதினார். போப்பாண்டவரை இரண்டு பெரிய தீக்குண்டங்களுக்கு இடையே அமர வைத்தனர் என்பர். காற்றைத் தூய்மைப்படுத்தவே அந்தத் தீ மூட்டப்பட்டது. தனியறையும் இடைவிடாத வெப்பமும் எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் அண்டவிடாமல் செய்திருக்கலாம். எப்படியோ, போப்பாண்டவர் பிழைத்தார்.

இறுதியில் சோலியாக்குக்கே நோய் தொற்றியது. தொடையிடுக்கில் கட்டியோடு ஏறத்தாழ ஆறு வாரம் படுத்திருந்து, உடனிருந்தவர்கள் நம்பிக்கை இழந்த பின்னும் பிழைத்தெழுந்தார். 1363இல் அறுவை மருத்துவம் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதி முடித்தபோது, தாம் கண்டதை அதில் பதிவு செய்தார். நோய் இரண்டு வகையாக வந்தது என்கிறார். முதல் வகையில் காய்ச்சலோடு இருமலில் இரத்தம் வரும். நோயாளி மூன்று நாளில் இறப்பார். இரண்டாம் வகையில் காய்ச்சலோடு நெறி கட்டும். ஐந்து நாளில் இறப்பு நேரும். இன்றைய மருத்துவர் நுரையீரல் வகை, நெறிக்கட்டி வகை என்று பிரிப்பதும் இதையேதான். காரணம் என்ன என்று கேட்டால் அவரும் கோள்களையே சுட்டினார். ஆனால், நோயாளியின் அருகில் நின்று பார்த்தபோது அவர் கண் தவறவில்லை.

கட்டிக்கு அவர் சொன்ன மருத்துவமும் எளிமையானது. அத்திப்பழத்தையும் வேகவைத்த வெங்காயத்தையும் பிசைந்து, புளித்த மாவும் வெண்ணெயும் சேர்த்துக் கட்டியின் மேல் பற்றுப் போட வேண்டும். கட்டி பழுத்ததும் கீறிச் சீழை வெளியேற்றிப் புண்ணுக்குரிய மருந்து இட வேண்டும். கட்டி பழுத்து உடைந்தவர்களுள் சிலர் பிழைத்ததை அவர் கண்டிருந்தார். மற்றபடி, நோய்க்கு முன் தாமும் பிற மருத்துவர்களும் பயனற்றுப் போனதை ஒளிக்காமல் எழுதினார்.

இதே ஆண்டுகளில் ஸ்பெயினின் தெற்கே இருந்த கிரனாடா அரசில் இப்னுல் கத்தீபு என்ற அறிஞர் வாழ்ந்தார். அமைச்சராகவும் மருத்துவராகவும் விளங்கியவர் அவர். நோய் தொற்றுவதில்லை என்று சமய அறிஞர் பலர் கருதிய காலத்தில், அது தொற்றவே செய்கிறது என்று அவர் எழுதினார். அவர் காட்டிய சான்றுகள் கோள்களைப் பற்றியவை அல்ல. நோயாளியோடு நெருங்கியவர்கள் நோயுற்றார்கள், விலகி இருந்தவர்கள் நலமாக இருந்தார்கள். நோயாளியின் உடையோ பாத்திரமோ காதணியோ கூட நோயைக் கொண்டு செல்கிறது. நோயுள்ள நாட்டிலிருந்து ஒருவர் வந்து இறங்கிய பின்பே துறைமுகத்தில் நோய் தோன்றுகிறது. ஆப்பிரிக்காவில் கூடாரங்களில் ஒதுங்கி வாழ்ந்தவர்களை நோய் அணுகவில்லை. இவ்வளவும் கண்ணால் கண்ட செய்திகள். நூலில் சொல்லியிருப்பது கண்முன் நடப்பதோடு முரண்பட்டால், நூலுக்குத்தான் புதுப்பொருள் காண வேண்டும் என்பது அவர் நிலை. அந்தக் காலத்தில் இது துணிச்சலான கருத்து.

காரணம் தெரியாத அச்சம் வேறொரு கேட்டையும் விளைத்தது. யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற வதந்தி 1348இல் கிளம்பியது. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்கள் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. 1349 பிப்ரவரி 14ஆம் நாள் ஸ்திராஸ்பூர்க்கு நகரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் உயிரோடு எரிக்கப்பட்டனர். அப்போது அந்நகருக்குள் நோய் நுழையவே இல்லை. வேறு பல ஊர்களிலும் இக்கொடுமை நடந்தது. போப்பாண்டவர் கிளமெண்டு இதனைக் கண்டித்து ஆணைகள் பிறப்பித்தார். யூதர்களும் மற்றவர்களைப் போலவே நோயால் இறக்கிறார்கள். யூதர்களே இல்லாத நாடுகளிலும் நோய் இருக்கிறது. அப்படியிருக்க அவர்கள் மேல் பழி எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். அவருடைய கேள்விக்கு யாராலும் விடை கூற முடியவில்லை. ஆனாலும் பல ஊர்களில் அந்த ஆணைகளுக்குச் செவிசாய்க்கவில்லை.

நோய் ஒருமுறை வந்து போனதோடு நிற்கவில்லை. 1361இல் மீண்டும் வந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு துறைமுகத்தில் தலைகாட்டிக்கொண்டே இருந்தது. பணமுள்ளவர்கள் மருத்துவர்களின் பழைய அறிவுரைப்படி விரைவாகக் கிளம்பித் தொலைவுக்குச் சென்று, காலந்தாழ்த்தித் திரும்பினர். ஊரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாதவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. 1374இல் மிலான் நகரின் ஆட்சியாளர் நோயாளிகளை ஊருக்கு வெளியே அனுப்ப ஆணையிட்டார். துறைமுகத்தை அடைத்துக் கப்பல்களை விரட்டிய ஊர்களும் இருந்தன.

ஏட்ரியாட்டிக்குக் கடலோரத்தில் ரகுசா என்றொரு சிறிய நகரம் இருந்தது. இன்று குரோவேசியா நாட்டிலுள்ள துப்ரோவ்னிக்குதான் அது. பாறைமேல் மதில் சூழ அமைந்த அவ்வூருக்குப் போதிய விளைநிலம் இல்லை. உண்ணும் தானியமே கடல்வழி வர வேண்டும். உள்நாட்டுச் சுரங்கங்களின் வெள்ளியும், உப்பும், துணியும் அதன் துறைமுகம் வழியாகவே கைமாறின. கப்பல்களை உள்ளே விட்டால் நோய் வரும். அடைத்தால் ஊர் பட்டினி கிடக்கும். 1348இல் எத்தனை பிணங்கள் விழுந்தன என்பதை நேரில் கண்டவர்கள் நகர மன்றத்தில் இன்னும் உயிரோடு இருந்தனர். வணிகம் நின்றால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

1377ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் ரகுசாவின் பேரவை கூடி ஒரு சட்டம் இயற்றியது. ‘பச்சைப் புத்தகம்’ என்று பெயர்பெற்ற நகரச் சட்டச்சுவடியில் அது எழுதப்பட்டது. நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் ஒரு மாத காலம் மிர்க்கான் என்னும் சிறுதீவிலோ அருகிலுள்ள சவ்தாத்து என்னும் ஊரிலோ தங்கிய பின்னரே ரகுசாவுக்குள் நுழையலாம். ரகுசாவாசி யாரேனும் அவர்களைப் பார்க்கச் சென்றால், அவரும் அங்கேயே ஒரு மாதம் தங்க வேண்டும். மன்றம் நியமித்தவர்களைத் தவிர வேறு யாரும் அவர்களுக்கு உணவு கொண்டுபோகக் கூடாது. மீறினால் தண்டம் கட்ட வேண்டும்.

இச்சட்டத்தில் புதுமை எது என்பது முதல் பார்வையில் புலப்படாமல் போகலாம். நோயாளியை ஒதுக்கி வைப்பது பழைய வழக்கம். தொழுநோயாளிகளை ஊருக்கு வெளியே வைத்திருந்தனர். ரகுசா தடுத்து நிறுத்தியது நலமாகத் தோன்றிய மனிதர்களை. ஒருவர் நன்றாக நடந்து வரலாம், சிரித்துப் பேசலாம். இருந்தும் நோய் அவருக்குள் ஒளிந்திருக்கலாம். அது வெளிப்படும்வரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்று அம்மன்றம் முடிவு செய்தது. கிருமி என்ற ஒன்று இருப்பதாக யாரும் அறியாத காலத்தில், நோய் அரும்பும் காலம் என்ற கருத்தை ஒரு வணிகர் மன்றம் சட்டமாக்கியது. அதே சமயம் வணிகத்தை அது கொல்லவில்லை. கப்பல் திரும்பிப் போக வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும்.

காத்திருப்பது எளிதாக இருந்திருக்காது. மிர்க்கான், கடலுக்கு நடுவே கிடக்கும் பாறைத்தீவு. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கப் போதிய கூரை இல்லை. வீட்டு மதில் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தும் ஒரு மாதம் அங்கேயே கிடக்க வேண்டும். இரவில் படகில் நழுவி ஊருக்குள் வர முயன்றோரும் இருந்திருப்பர். இல்லையென்றால் இதற்கெனத் தனி அலுவலர்களை மன்றம் நியமிக்க வேண்டிய தேவை வந்திராது. 1390களில் அத்தகைய அலுவலர்கள் பணியில் இருந்தனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் மிலியெத்து தீவின் துறவியர் மடமும் பயணிகளைத் தங்கவைக்கும் இடமாயிற்று.

ரகுசாவின் முறையை வெனிஸ் இன்னும் பெரிய அளவில் செய்தது. 1423இல் அந்நகரம் காயல் நடுவே இருந்த ஒரு தீவில் கொள்ளைநோயாளிகளுக்காகவே நிலையான மருத்துவமனை ஒன்றை அமைத்தது. அத்தீவில் நாசரேத்து மாதாவின் பெயரால் ஒரு தேவாலயம் இருந்தது. ‘நசரேத்து’ என்ற பெயரும் தொழுநோயாளிகளின் காவலராகக் கருதப்பட்ட லாசரசின் பெயரும் மக்கள் வாயில் கலந்து ‘லாசரெத்தோ’ ஆனது. 1468இல் இன்னொரு தீவு ஒதுக்கப்பட்டது. நோயுற்றவர்கள் பழைய தீவுக்கும், நோய் இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்களும் அவர்களுடைய சரக்கும் புதிய தீவுக்கும் அனுப்பப்பட்டனர். சுமைதூக்குவோர் துணிப்பொதிகளை அவிழ்த்துக் காற்றில் உலர்த்தினர். மூலிகைப் புகை காட்டினர். கம்பளியும் பட்டும் நோயைச் சுமக்கும் என்ற அவர்களுடைய ஐயம் சரியே. தெள்ளுப்பூச்சி ஒளிந்துகொள்ளத் துணிப்பொதியை விட நல்ல இடம் இல்லை. அந்தக் கிடங்கின் சுவர்களில் வணிகர்களும் காவலர்களும் எழுதி வைத்த பெயர்களையும் கப்பல்களின் குறிப்புகளையும் இன்றும் காணலாம். பழைய தீவிலோ 2007ஆம் ஆண்டளவில் நடந்த அகழாய்வில் 1500க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன.

முப்பது நாள் என்று தொடங்கிய காலம் பதினைந்தாம் நூற்றாண்டில் நாற்பது நாளாக நீண்டது. மருத்துவக் கணக்கும் சமய நம்பிக்கையும் இதில் கலந்திருந்தன. கடுமையான நோய் எதுவாயினும் நாற்பது நாளுக்குள் தன்னைக் காட்டிவிடும் என்பது கிரேக்க மருத்துவர் வழிவந்த கருத்து. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்ததும், கிறித்துவர்கள் தவக்காலம் கடைப்பிடிப்பதும் நாற்பது நாள். இத்தாலிய மொழியில் நாற்பதைக் ‘குவாரந்தா’ என்பர். அதிலிருந்து பிறந்ததுதான் ‘குவாரண்டின்’ என்று உலகமெங்கும் வழங்கும் சொல். மலாய்மொழியில் ‘குவாரந்தின்’ என்று ஒலிப்பதும் அதுவே.

இம்முறை உண்மையில் பயன் தந்ததா? இதற்கு நேர்விடை கூறுவது கடினம். நெறிக்கட்டி நோய் ஒருவருக்குத் தொற்றினால் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் வெளிப்பட்டுவிடும். முப்பது நாள் என்பது அதற்கு வேண்டியதைவிட அதிகம். தீவில் ஒரு மாதம் நலமாக இருந்தவர் ஊருக்கு நோயைக் கொண்டுவர மாட்டார். மனிதர்களைப் பொறுத்தவரை கணக்குச் சரி. ஆனால், சட்டம் எழுதியவர்கள் ஒரு பயணியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கப்பலின் கயிற்றில் இறங்கிக் கரையேறிய எலியை யாரும் ஒரு மாதம் நிறுத்தி வைக்கவில்லை. அதனால், கண்ணுங்கருத்துமாக இருந்த ஊர்களிலும் நோய் சில வேளைகளில் நுழைந்தது. 1526இல் ரகுசாவிலேயே கடுமையாகப் பரவியது. 1575 முதல் 1577 வரை வெனிசில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர். ஆயினும் அந்த ஊர்கள் இம்முறையைக் கைவிடவில்லை. பல கப்பல்களோடு வந்த நோய் தீவிலேயே அடங்கிப்போனதையும் அவை கண்டிருந்தன.

காரணத்தைக் கண்டறிய மேலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1894இல் ஹாங்காங்கில் நோய் பரவியபோது அலெக்சாந்தர் எர்சின் என்ற ஆய்வாளர் அங்குச் சென்றார். மருத்துவமனையில் இடம் கிடைக்காததால் ஒரு குடிசையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, இறந்தவர்களின் நெறிக்கட்டியிலிருந்து எடுத்த சீழை ஆராய்ந்து, குச்சி வடிவ நுண்ணுயிரியைக் கண்டார். தெருவில் செத்துக் கிடந்த எலிகளிலும் அதே நுண்ணுயிரி இருந்தது. எலியிலிருந்து மனிதருக்கு அது எப்படி வருகிறது என்பதற்கு 1898இல் கராச்சி நகரில் விடை கிடைத்தது. பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், நோயுற்ற எலியின் உடலிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக நோய் மற்றோர் எலிக்குப் பரவுவதைச் சோதனையில் காட்டினார். அவர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. 2011இல், லண்டனில் 1348–1349இல் தோண்டப்பட்ட புதைகுழிகளில் கிடைத்த பற்களிலிருந்து அதே நுண்ணுயிரியின் மரபணு முழுமையாகப் படித்தறியப்பட்டது. இருப்பினும், நடுக்காலத்தில் நோய் அவ்வளவு விரைவாகப் பரவியதற்கு எலியின் தெள்ளுப்பூச்சி மட்டுமே காரணமா, மனித உடலில் வாழும் தெள்ளும் பேனும் அதில் சேர்ந்தனவா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கின்றனர்.

இன்று இந்நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் உள்ளன. காலத்தோடு கொடுத்தால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மடகாஸ்கர் போன்ற நாடுகளில் அது இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது.

துப்ரோவ்னிக்கின் கிழக்கு வாயிலுக்கு வெளியே, கடலை ஒட்டிப் பிற்காலத்தில் கட்டப்பட்ட லாசரெத்தோவின் கல்கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. ரகுசாவின் மன்றம் வகுத்த முறை பின்னர் உலகின் துறைமுகங்களுக்கெல்லாம் பரவியது. சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874இல் ஒரு தடைக்காப்பு நிலையம் தொடங்கப்பட்டது. பினாங்கின் கரையோரத்திலுள்ள ஜெரெஜாக் தீவிலும் அதே நூற்றாண்டில் அத்தகைய நிலையம் அமைந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறித் தோட்ட வேலைக்கு வந்த தமிழர் பலரும் இந்நாட்டில் முதலில் கால் வைத்த மண் ஜெரெஜாக்குதான். கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டிருந்தால், எதிர்க்கரையில் பினாங்கு கண்ணுக்குத் தெரிய, அவர்கள் அங்கேயே நாள்களை எண்ணிக்கொண்டு காத்திருந்தனர்.